பதினோரு சுண்ணாம்புக் கோடுகள்

சாலவாக்கம் ஏரி வழிந்த வருடம் ஒரு ஸ்பீக்கர் பெட்டி மிதந்து வந்தது. பின்பலகையைக் கழற்றினால் உள்ளே ஒரு விரால். பாட்டு போட்டேன். தபேலா வரும் இடத்தில் மட்டும் சரியாக வாலை ஆட்டியது. நம்பாதவர்கள் அந்த விராலையே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கே குழம்பு வைத்துவிட்டோம்.

இந்த மாதிரி நான் நிறையச் சொல்லியிருக்கிறேன். உத்திரமேரூரில் ஞானதாஸ் யார் என்று கேட்டால், பழைய ஸ்பீக்கர் பெட்டிகளைச் சரிபண்ணுகிற ஆசாரி வேலைக்காரன் என்று பாதிப்பேர் சொல்வார்கள், புளுகன் என்று மீதிப்பேர் சொல்வார்கள். இரண்டும் சரிதான். இப்போது சொல்லப்போவதில் விரால் கிடையாது.

போன தை மாதம் சாலவாக்கத்துத் தாண்டவராயன் ஒரு ஜோடிப் பெட்டியை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். நெல் பயிரிடுகிறவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன். கல்யாணமான புதிதில் மெட்ராஸில் வாங்கி, வைக்கோல் சுற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த பெட்டிகள் அவை. ஈட்டி மரத்தைக் காகிதம் போலச் சீவி, சாதாரணப் பலகைமேல் ஒட்டியிருப்பார்கள். அதற்குப் பெயர் வெனீர். கார்த்திகை மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, அடிப்பக்கத்து வெனீர் அப்பளமாக உப்பிக்கொண்டு நின்றது. ஒரு மூலையில் இரண்டு விரல் அகலத்துக்குப் பெயர்ந்தே போயிருந்தது.

“தாசு, கீயே மட்டும் ஒட்டிக் குடு. வேற ஒண்ணியும் தொடாதே.”

“மேல பாலீஷ் செத்துப்போய் கீதேண்ணா. அதையும் ஒரு கை...”

“தொடாதன்னா தொடாதே. உன் கை சொம்மா இருக்காது, எனக்குத் தெரியும்.”

“என் கையை இன்னா சொல்ற நீ? ராஜகுளத்துல நான் வெச்ச ஒட்டு ஒண்ணு மழையில துளுத்து, ஆடு வந்து மேய்ஞ்சிட்டுப் போச்சு, தெரியுமா?”

“தெரியும். அந்த ஆடு அப்பறம் பாட்டு பாடிச்சுன்னு போன தபா சொன்ன.”

வேறு நாளாக இருந்தால் இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்திருப்பார். அன்று சிரிக்கவில்லை. ஆட்டோக்காரனோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார். அண்ணி சௌக்கியமா என்று நான் கேட்கவும் இல்லை. ஆட்டை மேய்த்துக்கொண்டிருந்தேன்.

அடிப்பக்க வேலை என்பதால் பெட்டிகளைத் தலைகீழாகக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தேன். ஈரத்துணி போட்டு, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் பழைய வச்சிரப் பசை இளகிக் கொடுக்கும். இளகாத இடத்தில் ஊசிக் குழாயால் புதுப் பசையை ஏற்றினேன். பெயர்ந்த மூலைக்கு, உடைந்த பீரோக் கதவு ஒன்றிலிருந்து வெனீரைக் கிளப்பி, ரேகைக்கு ரேகை பொருத்தி வெட்டி வைத்தேன். இரண்டு நாள் கிளாம்ப் போட்டு இறுக்கி வைத்தேன். மூன்றாம் நாள் நகத்தால் தேடினால்கூட ஒட்டு அகப்படவில்லை.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

இடதுபக்கப் பெட்டியின் விலாவில் விரல் அகலத்துக்கு வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கோடுகள் இருந்தன. வெற்றிலை போடுகிற யாரோ மிச்சத்தை ஈஷியிருக்கிறார்கள். ஈட்டி மரத்தில் இப்படிச் செய்ய எப்படித்தான் மனசு வருகிறதோ என்று திட்டிக்கொண்டே வினிகரைத் தொட்டுத் துடைத்தேன். ஒவ்வொன்றாகத் துடைத்ததால் எண்ணிக்கை தெரியும், பதினொன்று. சுண்ணாம்பு தின்ற இடமெல்லாம் அடியில் கறுத்திருந்தது. நைஸ் உப்புத்தாளால் அந்தக் கறுப்பையும் எடுத்தேன். வெனீர் மெல்லிசு, நாலு தேய் அதிகமானால் அடிப்பலகை பல்லைக் காட்டிவிடும். காட்ட விடவில்லை. மேலே அரக்கு பாலீஷ் கொடுத்தேன். இந்த வயதில் இந்தக் கை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் மருமகள் ஜெனிஃபர் வந்தாள். சாலவாக்கம் பக்கம் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கிற வேலை அவளுக்கு. பெட்டியைப் பார்த்ததும் பையைக்கூட இறக்கவில்லை.

“மாமா, இது தாண்டவராயன் தாத்தா வூட்டுப் பொட்டிதான? இதுல சுண்ணாம்பு இருந்துச்சே?”

“தொடச்சிட்டேன். கண்ணாடியாட்டம் கீது பாரு.”

“ஐயோ மாமா. அது கோவிந்தம்மா பாட்டியோட கை.”

கோவிந்தம்மாள் அண்ணி எப்போதும் அந்தப் பெட்டியோரம்தான் தரையில் உட்கார்ந்து பாட்டு கேட்பாராம். வெற்றிலை போட்டு, மிச்சச் சுண்ணாம்பை அதிலேயே தடவுவாராம். தாண்டவராயன் தினம் திட்டிக்கொண்டே துண்டால் துடைத்துவிடுவாராம்.

“ஐப்பசில அவருக்கு முதுகு புடிச்சுக்கிச்சு மாமா. குனிய முடியல, பதினோரு நாளு தொடைக்கல. பன்னெண்டாம் நாளு அந்தம்மா தவறிப் பூட்டாங்க. அப்பறம் அந்தப் பக்கம் ஒரு துணி பட வுடலியே அவரு. உன்னாண்ட சொல்லலியா?”

சொன்னார். அண்ணி போனதைச் சொல்லவில்லை, வேறு ஒன்றையும் தொடாதே என்று மட்டும் சொன்னார். அதை என் கைக்கு வந்த அவமானமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

காலையில் பஸ் ஸ்டாண்டு வெற்றிலைக் கடைக்குப் போய் சுண்ணாம்பு மட்டும் வாங்கினேன். என் ஆள்காட்டி விரல் தடி, அதனால் சுண்டு விரலால் பதினோரு கோடு இழுத்தேன். காய்ந்ததும் அசலாகவே இருந்தது. ஐம்பது வருடப் புளுகில் விரலால் சொன்னது இது ஒன்றுதான்.

தாண்டவராயன் வந்தார். இருவருமாகப் பெட்டியைத் தரையில் இறக்கி நிமிர்த்தி வைத்தோம். முதலில் மூலையைத் தடவிப் பார்த்தார்.

“எங்க ஒட்டுன? தெரியவே இல்லியே. கெட்டிக்காரன்தான்டா நீ.”

அப்புறம் விலாப்பக்கம் போனார். முட்டியைப் பிடித்துக்கொண்டு குந்தினார்.

“தாசு, அவ கீய குந்திக்கினு, கையை மேல தூக்கி அப்பிடியே இயுத்துக்கினு வருவா. மேல தடியா இருக்கும், கீய வர வர மெலிஞ்சிடும். இது கீயேர்ந்து மேல போவுது.”

நான் இழுக்கும்போது பெட்டி தலைகீழாகக் கிடந்தது. துடைத்த பதினொன்றில் ஒன்றைக்கூட நான் நின்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

“அண்ணா, அது வந்து, நேத்து வெயில்ல சுண்ணாம்பு...”

“வுடு.”

தோளிலிருந்த துண்டை எடுத்தார். என் பதினோரு கோட்டையும் ஒரே இழுப்பில் துடைத்தார். இத்தனை வருடம் துடைத்துத் துடைத்துப் பழகிய கை. ஆனால் வாயில் திட்டு வரவில்லை.

“எவ்ளோ பொய் சொல்லியிருப்ப நீ” என்றார், துண்டை மடித்துக்கொண்டே. “இப்ப ஒண்ணு சொல்லு. அவ கோடு இன்னும் இங்கயே கீதுன்னு சொல்லு. நான் நம்புறேன்.”

வாயைத் திறந்தேன். விராலுக்குத் தாளம் கற்றுக்கொடுத்தவன், ஆட்டைப் பாட வைத்தவன். ஒன்றும் வரவில்லை. அவர் குந்தியபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். வெளியே ஆட்டோக்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்தான்.

“சரி, புடி” என்றார்.

பெட்டியின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். பாலீஷ் அவ்வளவு நன்றாக ஏறியிருந்தது. வாசல் வெளிச்சம் பட்டதும் விலாப்பக்கம் முழுக்கப் பளபளத்தது. அதில் எங்கள் இரண்டு பேர் முகங்களும் தெரிந்தன.