பத்து கிலோ என்று போட்ட பைப்

...ஆனால் பைப்பிலேயே பத்து கிலோ என்று அச்சடித்திருக்கிறதே, அதற்கு என்ன பதில் சொல்வது? ரெமிஜியஸ் கம்ப்ரஸரில் காற்றழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். மோட்டார் தடதடவென்று இரைந்தது, டேங்க்கில் காற்று ஏற ஏற முள்ளும் ஏறியது, ஏழில் தானாக நின்றுவிடும், அதற்குள் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் சொல்லாமலே இருந்துவிட வேண்டும்... காக்ஸ் டவுனில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் அவருடைய ஷெட்டின் சுவரில், சாம்பல் நிறத்தில், நூல் பிடித்த மாதிரி ஓடியது கம்ப்ரஸர் காற்றைக் கொண்டுபோகும் புது பி.வி.சி. லைன். நேற்று அவர் ஓசூர் போயிருந்த நேரத்தில், மைத்துனன் அமல் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூடப் போகாமல், தன் ஹார்டுவேர் கடையிலிருந்து பைப்பைத் தூக்கிவந்து, பழைய இரும்பு லைனைக் கழற்றிவிட்டு இதை மாட்டியிருக்கிறான். கேட்காமல் செய்த உதவி. கேட்காமலா? இரும்பில் துரு வருகிறது, பெயிண்டில் புள்ளி விழுகிறது என்று சாப்பாட்டு மேசையில் புலம்பியது யார்?

"எப்படி மாமா? இனிமே துருன்னு ஒரு பேச்சு வருமா?" அமல் லைனுக்கு நேர் கீழே நின்று பைப்பைத் தட்டிக் காட்டினான். "பத்து கிலோ பிரஷர் தாங்கும். நம்மது ஏழுதான். சும்னே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க."

"அவரு மூஞ்சியே அப்படித்தான்டா. எங்க கல்யாண போட்டோவுல பாரு" என்று அவன் அக்கா மௌரீன் சிரித்தாள்.

பத்து கிலோ, தண்ணீருக்கு. தண்ணீர் என்றால் பைப் விரிசல் விட்டதும் பீய்ச்சியடிக்கும், தரை நனையும், அதோடு அடங்கிவிடும். அடைத்து வைத்த காற்று அப்படியா, அழுத்திப் பிடித்த ஸ்பிரிங் அல்லவா அது, பிடி விட்டால் பைப்பையே சில்லுசில்லாக உடைத்து வீசிவிடும்... பீண்யாவில் முன்பு வேலை பார்த்த பட்டறையில் கூட வேலை செய்த ஆதிகேசவன் டீ குடித்துவிட்டு வந்து லேத் பக்கம் போனான், தலைக்கு மேலே பட்டாசு மாதிரி ஒரு சத்தம், கன்னத்தில் ஒரு சில்லு, கண்ணுக்கு ஒரு விரல் கீழே. எக்ஸ்ரேயில் பிளாஸ்டிக் தெரியவில்லை, டாக்டர் தடவித் தடவித் தேடினார். அங்கேயும் இதே பி.வி.சி. லைன்தான், மாட்டிய அன்றைக்கா வெடித்தது? எத்தனையோ மாதம் ஒழுங்காக ஓடியது, சூடும் காற்றோடு வரும் எண்ணெயும் உள்ளே இருந்தபடியே அதைப் பலவீனமாக்கி... முள் மூன்றைத் தாண்டிவிட்டது. அதுதான் தொல்லை, இன்றைக்கு இது வெடிக்காது. இன்றைக்கு அமல் சொல்வதுதான் சரியாக இருக்கும். செம்புக் குழாய் போட்டிருக்கலாம், துருவும் வராது, விட்டுப்போனாலும் கிழிந்து புஸ்ஸென்று போகுமே தவிர சில்லாகப் பறக்காது. பழைய இரும்பையே விட்டுவைத்து, ஸ்ப்ரே கன்னுக்கு முன்னால் ஒரு ஃபில்டர் மாட்டியிருந்தாலும் போதும். இதையெல்லாம் அமலிடம் சொல்ல முடியுமா? மொட்டை மாடியில் அவன் வைத்த தண்ணீர் டேங்க் சாய்ந்திருக்கிறது என்று நாலு பேர் முன்னால் சொன்னதற்கு ஒரு வருஷம் வீட்டு வாசல் மிதிக்கவில்லை, கிறிஸ்துமஸ் கேக்கை ஆட்டோக்காரனிடம் கொடுத்தனுப்பினான். மௌரீன் அந்தக் கேக்கை வெட்டவேயில்லை. இன்று காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள், ஏங்க, நல்லாயிருக்குடான்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான், நாக்கு தேஞ்சு போயிடாது... ஒரு வார்த்தை. முள் ஆறில் நின்று நடுங்கியது.

ஏழைத் தொட்டது. மோட்டார் டக்கென்று நின்றது, ஷெட்டே வாயடைத்துப்போன மாதிரி ஓர் அமைதி, எதுவும் வெடிக்கவில்லை. "ஆயித்து! முடிஞ்சுது!" என்று அமல் கைதட்டினான். மௌரீன் தான் பில் போடும் மேசைக்குப் போய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள், லைன் அவள் தலைக்கு ஒரு முழம் மேலே ஓடியது, நாள் முழுக்க அவள் உட்காரும் இடம் அதுதான், தினமும்... நல்லாயிருக்குடா, இதைச் சொல்வதில் என்ன கஷ்டம், ரெமிஜியஸ் வாயைத் திறந்தார், அப்போதுதான் தோளில் சிமெண்ட் தூண் சில்லென்று உறைத்தது. இந்தத் தூணுக்குப் பின்னால் எப்போது வந்து நின்றார்? கம்ப்ரஸரைப் போட்ட சுவிட்ச் அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது? அப்படியென்றால் இவ்வளவு நேரமும் தலையை மட்டும் நீட்டித்தான் முள்ளைப் பார்த்தாரா? இன்றைக்கு வெடிக்காது என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தபோதே கால் அதை நம்பாமல் இங்கே வந்து நின்றுவிட்டதா?

"மௌரீன், நாற்காலியை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வா."

"எதுக்கு? வெளிச்சம் இங்கதானே இருக்கு."

"வாயேன்."

நாற்காலியைப் பற்றித்தான் சொன்னார், பைப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால் அமலின் கைதட்டல் பாதியில் நின்றிருந்தது. அவன் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை, தூணைப் பார்த்தான், பிறகு மெல்லத் தன் தலைக்கு மேலே பார்த்தான். அப்படியென்றால் சொல்லியாகிவிட்டது, என்று ரெமிஜியஸ் நினைத்துக்கொண்டார், வாயால் இல்லாவிட்டால் என்ன... இந்த வருஷமும் கேக் ஆட்டோவில்தான் வருமா, அது மட்டும் தெரியவில்லை.