தட்டு கொடாப்புல விழணும்

பெற்ற மகள் தன்னை "மாமா" என்று கூப்பிட்டபோது சென்னியப்பன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். ஊருக்கு வந்த அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு வாரம் ஆகியும் மாமா மாறவில்லை. ஆடி போய் ஆவணியும் முடிந்து புரட்டாசி பிறந்ததும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆயுதபூஜைக்கு மறுநாள் அவன் வேலை பார்க்கிற வண்டி வடக்கே கிளம்பிவிடும். அதற்குள் அந்தப் பிள்ளை வாயால் ஒரே ஒரு தடவை "அப்பா" கேட்டுவிட வேண்டும். அந்த வருஷம், எண்பத்து மூன்றில், அவனுக்கு வேறு ஆசையே கிடையாது.

அவன் ரிக் வண்டி டிரில்லர். போர் போட்டுத் தண்ணீர் எடுக்கிற பிழைப்பு. மழைக்காலத்தில் வேலை ஓடாது என்பதால் வடக்கே போன வண்டிகளெல்லாம் ஆனியில் ஊர் திரும்பிவிடும். இவன் ஏறிப்போன வண்டி மட்டும் இரண்டு வருஷமாக ராஜஸ்தானில் மாட்டிக்கொண்டது. அங்கே மழை பெய்தால்தானே வேலை நிற்கும்? அவன் கிளம்பும்போது தவழ்ந்துகொண்டிருந்தவள், திரும்பி வரும்போது பாவாடை கட்டிக் கோழி விரட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு வைத்தது அவனுடைய செத்துப்போன அம்மாவின் பெயர், வள்ளியாத்தாள். மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாதே, அதனால் அவன் பெண்டாட்டி சௌந்திரம் "அம்முணி" என்று கூப்பிட, ஜேடர்பாளையம் முழுக்க அவள் அம்முணி ஆகிவிட்டாள்.

"பழகினா வந்துருவாளுங்க" என்றாள் சௌந்திரம். "கோழிக்குஞ்சைத் தொரத்தினா ஓடத்தானே செய்யும்? சும்மா இருங்க, தானா வரும்."

சும்மா இருக்க அவனுக்கு எங்கே நேரம்? வாங்கி வந்த பொம்மையைக் கொடுத்தான். "சரிங்க மாமா" என்று வாங்கிக்கொண்டாள். ஜரிகைப் பாவாடை கொடுத்தான். அதற்கும் ஒரு சரிங்க மாமா. என்ன மரியாதை, என்ன பணிவு! இதற்குப் பதிலாக அந்தப் பாவாடையைத் தூக்கி மூஞ்சியில் வீசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவனுக்கு.

கடைசியாகப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்தான். சோறு தின்கிற தட்டு இல்லை. ஊர் திரும்புகிற வழியில் புனே பக்கத்தில் ஒரு பெரிய பண்ணையில் போர் போட்டபோது, அங்கே படிக்க வந்திருந்த வெள்ளைக்காரப் பையன்கள் பொழுதோடு இதைத்தான் மரத்துக்கு மரம் வீசி விளையாடிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு கூடை. யார் குறைச்சலான வீச்சில் தட்டைக் கூடைக்குள் போடுகிறானோ அவன் கெட்டிக்காரன். தண்ணீர் பீறிட்டு வந்த அன்றைக்குச் சந்தோஷத்தில் ஒரு மஞ்சள் தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அம்முணி அதை வாங்கினாள். மல்லாத்திக் கவிழ்த்துப் பார்த்தாள். நேராகப் போய் அதில் கம்பைக் கொட்டிக் கோழிக்கு வைத்துவிட்டாள்.

"அட, அதுக்கில்ல சாமி!" கம்பை உதறிவிட்டுச் சென்னியப்பன் மணிக்கட்டைச் சொடுக்கி ஒரு வீசு வீசினான். தட்டு வாசலைத் தாண்டி, வைக்கோல் போருக்கு மேலே ஏறி, நின்று, யோசித்து, மெதுவாக இறங்கியது. அம்முணி வாயைப் பிளந்தாள். அடுத்த நொடி தட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். அவன் வந்ததிலிருந்து அவள் அவனுக்காக ஓடிய முதல் ஓட்டம் அது.

போதாதா? மறுநாளே சௌந்திரத்தின் கோழிக் கொடாப்புகளைத் தூக்கித் தலையில் அடுக்கிக்கொண்டு அணைக்கட்டுப் பூங்காவுக்குக் கிளம்பிவிட்டான். கோழிகள்மேல் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கொடாப்பை நிமிர்த்தினால் நல்ல அகலமான கூடை. ஒன்றை வேப்பமரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டான். ஒன்றைப் புங்கமரத்தில். இன்னும் இரண்டு பூவரசு மரங்களில். கடைசி ஒன்று வாய்க்கால் ஓரத்து நாவல் மரத்தில். வெள்ளைக்காரப் பையன்கள் ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் நடுவே ஒரு காட்டையே விட்டிருந்தார்கள். இவன் கூப்பிடு தூரம்கூட விடவில்லை. கூடைகளும் அம்முணியின் நெஞ்சு உயரத்துக்கு மேலே போகவில்லை. புதிதாகக் கற்றுக்கொள்கிற பிள்ளை தோற்றுத் தோற்று அலுத்துப் போகக் கூடாதில்லையா?

பூங்காக் காவல்காரர் குழந்தைவேல் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். "ஏனுங்க டிரில்லரே, பார்க்குல கோழிப்பண்ணை வெக்கறீங்களா?"

"வெளையாட்டுங்க. புள்ளைக்கு."

"வடக்கத்தி வெயிலு உங்க மண்டையைப் பதம் பாத்துருச்சு போங்க" என்றவர் தட்டை வாங்கி ஒரு தரம் வீசிப் பார்த்தார். அது வட்டமடித்துத் திரும்பி வந்து அவர் முட்டியிலேயே மோதியது. அதற்கப்புறம் தினம் பொழுதோடு வந்து ஒரு வீச்சு வீசிவிட்டுத்தான் கேட்டைப் பூட்டினார்.

அம்முணி வலது பக்கம் பார்த்து வீசினால் தட்டு இடது பக்கம் போகும். பூவரசைக் குறி வைத்தால் புல்வெட்டுகிற பொம்பளைகள் தலை குனிய வேண்டும். ஆனாலும் பிள்ளை விடவில்லை. தட்டு எங்கே விழுந்ததோ அங்கே போய் நின்று மறுபடி வீச வேண்டும், கூடைக்குள் விழுகிறவரைக்கும் வீசிக்கொண்டே இருக்கலாம், யாரும் திட்ட மாட்டார்கள் என்கிற சட்டம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கும்போது அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். அந்த விரலை என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டாமல் அசைக்காமல் தூக்கிப் பிடித்தபடி நடந்தான் சென்னியப்பன்.

ஆனால் கூப்பிடுவதென்னவோ மாமாதான். "மாமா, இப்ப உங்க மொறைங்க." விரலைப் பிடித்துக்கொண்டு சொல்லும்போது அது இன்னும் வலித்தது.

ஆயுதபூஜையன்று காலையில் திருச்செங்கோட்டில் முதலாளியின் ஷெட்டில் வண்டிக்கு மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்தார்கள். முதலாளி தேங்காய் மூடியைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார். "பழைய வண்டி ஒண்ணு இங்கியே சேலம் ஜில்லாவுக்குள்ள ஓட்டலாம்னு கெடக்குது. டிரில்லர்தான் அமையல. வாரா வாரம் ஊட்டுக்குப் போயிட்டு வர்ற ஆளாப் பாக்கோணும்."

"அது கெழட்டு வண்டிங்க. அதுல எவன் ஏறுவான்?" என்று சென்னியப்பனே சொல்லிவிட்டு எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான். வடக்கே போகிற புது வண்டியில் நிற்பவனுக்கு ஊரில் இருக்கிற மதிப்பு, வெண்ணந்தூரிலும் அயோத்தியாப்பட்டணத்திலும் போர் போடுகிறவனுக்கு வருமா? சம்பளமும் குறைச்சல். சிரித்துவிட்டு வந்துவிட்டான்.

சாயங்காலம் கடைசி ஆட்டம். அன்றைக்குச் சௌந்திரமும் கூட வந்தாள். துணிமணி மூட்டை கட்டியாயிற்று, விடிந்தால் வண்டி. அவள் முகத்தைப் பார்க்கவே சென்னியப்பனுக்குத் தைரியமில்லை.

புங்கமரத்துக்கு முன்னால் அம்முணி தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைகூப்பிக் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. "அப்பா, தட்டு கொடாப்புல விழணும்."

சென்னியப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இரண்டே எட்டில் போய் அவள் முன்னால் குந்தினான். "என்ன சாமி? என்ன வேணும்?"

அம்முணி கண்ணைத் திறந்தாள். "உங்களை இல்லீங்க மாமா. எங்கப்பாவைக் கூப்புட்டேன்."

"இவிகதான்டி உன்ற அப்பா!" என்றாள் சௌந்திரம். "எத்தனை தடவ சொல்றது?"

"இல்ல. எங்கப்பா சாமியாயிட்டாரு. அப்பத்தா பக்கத்துல இருக்காரு." ஒன்றும் தெரியாத அம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினாள் அம்முணி. "முருகன், அப்பா, அப்பத்தா. நீ தானே தெனமும் பூ வெச்சுக் கும்புடச் சொன்னே?"

சௌந்திரம் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். வடக்கே துளை போடுகிற ராடு சரிந்தது, பள்ளத்தில் வண்டி உருண்டது என்று வருஷத்துக்கு நாலு சேதி வரும். சௌந்திரத்தால் சும்மா இருக்க முடியவில்லை. புருஷன் போட்டோவைச் சாமி படத்துக்கும் மாமியார் படத்துக்கும் நடுவே மாட்டி, பொட்டு வைத்து, பூவைச் செருகி, விளக்கேற்றியதும் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தி, "அப்பாவைக் கும்புட்டுக்க" என்று பழக்கிவிட்டாள். சாமி பக்கத்தில் இருந்தால் சாமி பார்த்துக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. படத்தில் பூவோடு இருக்கிறவர்கள் எல்லாம் செத்துச் சாமியானவர்கள் என்பது பிள்ளையின் கணக்கு. பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா?

"உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதானுங்க வெச்சேன்" என்றாள். அவள் குரல் உடைந்தது. "அடக் கடவுளே, நானே இப்படிப் பண்ணிப்போட்டனே!"

கோபம் வரும் என்று அவள் பயந்தாள். அவனுக்குக் கோபம் வரவில்லை. சாமி மூலையில் தன் படம் இருப்பதை வந்ததிலிருந்து பார்த்தவன்தான், சும்மா மாட்டி வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தான். இரண்டு வருஷம் தனக்காக ஒருத்தி தினமும் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள் என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது. "உடு புள்ளே" என்று மட்டும் சொன்னான். பிறகு மகளிடம் திரும்பினான். "அந்தப் படத்துல இருக்கறது நாந்தாஞ் சாமி. நல்லாப் பாரு."

அம்முணி பார்த்தாள். "எங்கப்பாவுக்கு மீசை இல்லீங்க. வெள்ளையா இருப்பாருங்க."

கல்யாணத்துக்கு முன்னால் ஸ்டூடியோக்காரன் அரை டப்பா பவுடரை அப்பி எடுத்த படம்! அழுதுகொண்டிருந்த சௌந்திரத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. சென்னியப்பனுக்கு வரவில்லை. உலகத்தில் எவனுக்காவது தன் போட்டோவோடேயே சக்களத்திச் சண்டை போடுகிற தலையெழுத்து இருக்குமா? அந்தப் பவுடர் மூஞ்சிக்காரன் கேட்டதையெல்லாம் கொடுக்கிறானாம். கோழி குஞ்சு பொரித்தது, சளி போனது எல்லாம் அவன் வேலைதானாம். அம்முணி விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

ஆட்டம் நடந்தது. பூவரசு மரங்களைத் தாண்டி வாய்க்கால் ஓரத்துக்கு வந்தார்கள். கடைசிக் கொடாப்பு. அம்முணி மறுபடி கண்ணை மூடிக் கைகூப்பினாள். இந்தத் தடவை வேண்டுதல் நீண்டுகொண்டே போனது. சென்னியப்பன் சத்தமில்லாமல் கிட்டே போய்க் காது கொடுத்தான்.

"அப்பா, தட்டு விழாட்டிப் பரவால்லீங்க. இந்த மாமா நாளைக்குப் போகக் கூடாதுங்க. இவரை எங்ககிட்டயே உட்டுருங்க."

நாளைக்கு வண்டி ஏறினால் என்ன ஆகும்? சுண்டுவிரலைக் கொடுத்த மாமன் போய்விடுவான். கேட்டதைக் கொடுக்கிற அப்பனும் முதல் தடவையாகக் கைவிட்டுவிடுவான். ஒரே காலையில் அந்தப் பிள்ளைக்கு இரண்டு பேரும் இல்லாமல் போவார்கள். இரண்டு பேரும் அவனே. புது வண்டியாம், மதிப்பாம், மண்ணாங்கட்டி!

மண்ணில் முழங்கால் போட்டான். "போகல சாமி."

அம்முணி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "நான் அப்பாகிட்டல்ல கேட்டேன்?"

"எங்கிட்டத்தான் கேட்டே. எனக்குக் கேட்டுது." அவன் நிமிர்ந்து சௌந்திரத்தைப் பார்த்தான். "முதலாளிகிட்ட சேலம் ஜில்லாவுக்குள்ளயே ஓடற கெழட்டு வண்டி ஒண்ணு கெடக்குது, அதையே கேட்டு வாங்கிக்கறேன். இன்னிக்கே போய்ச் சொல்லிப்போடறேன்."

"நெசமாலுமுங்களா?"

"நெசமாலுந்தான்."

சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனையோ நாள் கேட்க நினைத்து, கேட்டால் பிழைப்புக் கெட்டுவிடும் என்று விழுங்கிய பேச்சு அது.

அம்முணி இன்னொரு கண்ணையும் திறந்து அவனையே பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். அப்பாவிடம் கேட்டது இவருக்கு எப்படிக் கேட்டது? தட்டைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து, மண் ஒட்டிய உள்ளங்கையால் அவன் மீசையை முழுசாக மறைத்தாள். தலையைச் சாய்த்து அவன் கண்ணை, நெற்றியை, காதை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்பா?" என்றாள்.

கம்ப்ரஸர் போடுகிற இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே காலம் தள்ளியவன் சென்னியப்பன். அவனுக்குக் குரலே வரவில்லை. கண்ணீர் மட்டும் பிள்ளையின் விரல்மேல் வழிந்தது.

"அப்பா?"

சௌந்திரம் பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏனுங்க, புள்ள கூப்புடுதில்லீங்க? என்னன்னு கேளுங்க."