ஒரு சொல் அதிகம்

மருத்துவமனை நூலகத்தில் என்னிடம் திட்டு வாங்காத டாக்டர் யாரும் இல்லை. புத்தகத்தைத் திருப்பித் தராததற்காக இல்லை, தேடத் தெரியாததற்காக. ஆராய்ச்சிக் கட்டுரைகள் லட்சக்கணக்கில் கிடக்கிற தளத்தில் நோயின் பெயரைப் போடுவார்கள், சிகிச்சையைப் போடுவார்கள், கூடவே 'குணம்' என்றும் ஒரு சொல்லைச் சேர்த்துவிடுவார்கள். "கேள்விக்குள்ளயே பதிலை வெச்சுத் தேடினா வேற என்ன வரும்? குணமாகலைன்னு எழுதினவங்க பாதிப் பேரு வெளியிலயே நின்னுடுவாங்களே!" என்று கத்துவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

என் அண்ணன் மீன் சந்தையில் ஏலம் விடுகிறவன். அங்கே அவனுக்குப் பெயர் 'ஸ்பீக்கர்'. சில மாதங்களாக அந்தக் குரல் கம்மிப்போய்க் கிடந்தது. எங்கள் மருத்துவமனைத் தொண்டை டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் சின்னக் கட்டி, உயிருக்குப் பயமில்லை, ஆனால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவது நல்லது என்றார். அன்றிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

"கத்தி பட்டு இருக்கிற குரலும் போயிட்டா நான் எதை வெச்சுப் பொழைக்கிறது? குரல் பயிற்சியிலேயே சரியாகுமான்னு உன் கம்ப்யூட்டர்ல பாரும்மா" என்றான்.

ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். கட்டுரைகள் வந்து கொட்டின. எதைத் திறந்தாலும் நல்ல சேதி: பயிற்சியில் குரல் தேறியது, பேச்சு தெளிந்தது. அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் முகத்தில் உயிர் வந்தது. அன்று அண்ணியிடம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா போன் செய்தார்.

"உங்க அண்ணன் ஆபரேஷன் வேண்டாம்னுட்டார். நீங்க குடுத்த கட்டுரைங்களைக் காட்டினார். எல்லாம் ஒரே பாட்டைப் பாடுதே? நான் படிச்சது அப்படி இல்லையே. எந்தச் சொல்லெல்லாம் போட்டுத் தேடினீங்க, கொஞ்சம் அனுப்புறீங்களா?"

போன மாதம் இதே கேள்வியைக் கேட்டு அவரை நான் ஒரு பிடி பிடித்திருந்தேன். வீம்பாகத்தான் நான் தேடிய வரியை எடுத்தேன். குரல் நாண், கட்டி, பயிற்சி. நான்காவதாக 'இம்ப்ரூவ்மென்ட்'. முகம் சுட்டது. கை தவறிப் போட்ட சொல் இல்லை அது. அண்ணன் குரல் பிழைக்க வேண்டும் என்ற ஆசை போட்ட சொல்.

அதை எடுத்துவிட்டு, அவனுக்கு இருக்கிற கட்டியின் சரியான பெயரைப் போட்டு மறுபடி தேடினேன். வெளியே நின்றவர்கள் எல்லாம் உள்ளே வந்தார்கள். அந்த வகைக் கட்டி பயிற்சியில் மட்டும் மறைவது அபூர்வம். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்குக் குரல் தேறியிருக்கிறது. சிலருக்குப் பழைய கனம் திரும்பவில்லை.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து "ஆ... ஊ..." என்று பயிற்சி செய்துகொண்டிருந்தான்.

"அண்ணா, நான் தப்பாத் தேடிட்டேன்."

"பொய்யா குடுத்தே?"

"பொய் இல்ல. நல்லதை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அது மட்டும் வந்துது."

அவன் கண்ணாடியிலிருந்து திரும்பினான். திட்டினால் தேவலை என்றிருந்தது. எதிரில் இருந்த நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினான்.

"உக்காரு. இப்ப வந்ததைப் படி. கெட்டதை முதல்ல படி."

படித்தேன். ஒவ்வொரு வரியாக நம் பேச்சில் சொல்லிக்கொண்டே வந்தேன். 'சிலருக்குப் பழைய கனம் திரும்பவில்லை' என்ற இடத்தில் என் குரல் இறங்கியது. பாதி வாய்க்குள்ளேயே போய்விட்டது.

"சத்தமாச் சொல்லு" என்றான் அண்ணன், கரகரத்த குரலில். "காதுல விழல."

சத்தமாகச் சொன்னேன். அவன் கடைசிவரை கேட்டான். பிறகு டாக்டரம்மாவிடம் ஆபரேஷனுக்குத் தேதி கேட்கச் சொன்னான்.