தொடர்ந்து வசிப்பவர்

விருந்தாளி மாதிரி செருப்பை வாசலோரம் ஒதுக்கிக் கழற்றினான் புருஷன்.

"உள்ள கொண்டு வந்து போடுங்க. இங்கேயே குடியிருக்கிறவரு செருப்பு மாதிரி கிடக்கணும்," என்றாள் அவள். பதினெட்டு வருஷம் கழித்து நேரில் அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். "வாங்க" என்று சொல்ல நாக்கு எழவில்லை.

பக்கத்தில் எவனோ பத்து மாடி எழுப்பினான். தெருவுக்கே மதிப்பு ஏறிவிட்டதாம். அவளுடைய ஓட்டு வீட்டுக்கும் வரி மும்மடங்காகிவிட்டது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஊரார் படுக்கை விரிப்பை வெளுத்துப் பிழைப்பவள் அவள். கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும். வெகுகாலமாக அதே வீட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு மட்டும் பழைய வரியே போதும் என்று ஒரு சலுகை இருந்தது. உரிமையாளர்! இன்னொருத்தியோடு ஓடிப்போனவன் பெயரில் அல்லவா பத்திரம் இருக்கிறது? வீட்டுக் கடனை அடைத்தவள் அவள், ஓடு மாற்றியவள் அவள், வரி கட்டியவளும் அவள்தான். பெயரை மாற்றித் தரச் சொன்னால் "பாக்கலாம்" என்பான். நோகாமல் நொங்கு தின்கிற ஜென்மம். இங்கேயே வசிப்பதாக ஒரு நாள் காட்டிக்கொள்ளச் சொல்லி மகள் கெஞ்சியதில், ஏதோ தானம் செய்ய வந்தவன் போல இன்று வந்து நிற்கிறான்.

சலுகைக்காக விசாரிக்க வரி அலுவலர் வந்தார். கெட்டவர் இல்லை, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"எவ்வளவு காலமா இங்க இருக்கீங்க சார்?"

"வீடு கட்டின நாள்லேருந்து." கொஞ்சமும் கூசவில்லை.

"இவங்க?"

"என் வீட்டுக்காரி. சும்மா வீட்டோட இருக்கா."

சும்மா. அவளுக்குக் காது மடல் சுட்டது. வீடு நிற்க வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அலுவலர் அவள் பக்கம் திரும்பாமலே எழுதிக்கொண்டார்.

"பின்பக்கம் ஒரு பார்வை பாத்துட்டா முடிஞ்சது."

புருஷன் முந்திக்கொண்டு போய்ப் பின்கதவை இழுத்தான். வரவில்லை. வெள்ளம் புகுந்த வருஷத்திலிருந்து அந்தக் கதவு இறங்கிக் கிடக்கிறது. கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து முழங்காலால் ஒரு தள்ளு தள்ளவேண்டும். அவன் மறுபடி இழுத்தான். அலுவலரின் பேனா நின்றது.

"என்ன சார், உங்க வீட்டுக் கதவுதானே?"

அவள் உதவிக்கு ஓரடி எடுத்து வைத்துவிட்டாள். அதற்குள் அவன் சிரித்தான்.

"இதைச் சரி பண்ணுடின்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எங்க கேக்குறா? இவளை வச்சுக்கிட்டு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

அந்த வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு, இந்தக் கதவை முதுகால் முட்டுக்கொடுத்து நின்றவள் அவள். வீடு போனால் போகட்டும்.

"தள்ளு," என்றாள் அவனிடம். கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் ஒருமையில் பேசியதில்லை. அவன் தானாக விலகிவிட்டான். "சார், இத்தனை வருஷமா இந்தக் கதவைத் திறந்து மூடுறவ நான். எழுதுறதா இருந்தா அதை எழுதுங்க."

தூக்கினாள். முழங்காலால் தள்ளினாள். கதவு திறந்து வெயில் உள்ளே விழுந்தது. பின்னால் கொடி நெடுக அவளுடைய துணிகள் மட்டுமே காய்ந்துகொண்டிருந்தன. அலுவலர் கொடியைப் பார்த்தார், நடுவீட்டில் கிடந்த செருப்பைப் பார்த்தார். பேனா தாளுக்கு மேலேயே நின்றது.