பராமரிப்புக்குக் கீழே இருந்தவை

லிஃப்ட் கம்பெனியின் இணையதளத்தை அவள் ஒருத்திதான் பார்த்துக்கொண்டாள். வலைப்பதிவுகள் ஒரு பக்கம், மெக்கானிக்குகளுக்கான வழிகாட்டிகள் ஒரு பக்கம் என்று அடுக்கியதும் அவளே. தங்கைக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், பழைய பதிவொன்றை நகர்த்துவதாக நினைத்து, ‘பராமரிப்பு’ என்ற தலைப்பையே இழுத்துப் பதிவுகளுக்குள் போட்டுவிட்டாள். அதற்குக் கீழே இருந்த வழிகாட்டிகள் எல்லாம் கலைந்து, பதிவுகளோடு தேதிவாரியாகக் கலந்துபோயின.

மேனேஜர் வந்து நின்றார். “லிஃப்ட்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டாராம்மா. மெக்கானிக்குக்குப் பழைய லிங்க்ல வழிகாட்டிப் பக்கமே திறக்கலையாம்.”

அந்தப் பக்கத்தைத் தேடியெடுத்து, மெக்கானிக்குக்குப் போனிலேயே படித்துக் காட்டினாள். சற்று நேரத்தில் ஆள் வெளியே வந்துவிட்டார். அவள் பையைத் தூக்கினாள்.

“மத்ததெல்லாம் யாரு சரிபண்றது? எது எங்க இருந்துச்சுன்னு உங்களுக்குத்தானே தெரியும்.”

“தங்கச்சி ஆஸ்பத்திரியில இருக்கா சார்.”

“புரியுதும்மா,” என்றார். ஆனால் நகரவில்லை.

அவள் மறுபடி உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் பழைய இடத்தில் சேர்க்கத் தொடங்கினாள். பாதி முடிவதற்குள் அம்மா போன் செய்தாள்.

“பொண்ணு பொறந்திருக்கா. பஸ் ஏறிட்டியா?”

“ஏறிட்டேன்மா,” என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.