செய்முறை இல்லாத குரூப்

சுகாதார ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். சாயங்காலம் ஆறு மணியோடு இணையதளத்தை மூடிவிடுவார்கள். நாலு நாளாக நச்சரித்து இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கியிருந்தாள் சம்பூர்ணம். அதற்குள் பிள்ளையார்பாளையத்தில் ஒரே தெருவில் மூன்று பேருக்குக் காய்ச்சல். "இந்தத் தெருவ மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்கக்கா" என்று சொல்லிவிட்டான் ஆய்வாளர் விமல்ராஜ். இருபத்தாறு வயது, சேலத்துக்காரன். கெட்டவன் இல்லை.

சம்பூர்ணம் ஒப்பந்தத்தில் இருக்கும் கொசு ஒழிப்புப் பணியாளர். வீடு வீடாகப் போய்த் தொட்டியைத் திறந்து, டார்ச் அடித்து, புழு இருந்தால் கொட்டிவிட்டு வருகிற வேலை. பதினோரு வருடமாக அதே தெருக்கள். ஒவ்வொரு வீட்டுக் கதவின் பின்னாலும் ஒரு அட்டை இருக்கும். அதில் பணியாளர் கையெழுத்துக்கு ஒரு கட்டம், ஆய்வாளர் கையெழுத்துக்கு ஒரு கட்டம். முப்பது வயது வரை கைநாட்டு வைத்தவளுக்கு அந்த இரண்டாவது கட்டத்தின் மேல்தான் கண். அதற்காகவே எட்டாவது, பத்தாவது, பிளஸ் டூ என்று ஒவ்வொன்றாகப் பள்ளிக்குப் போகாமலே தனியாக எழுதித் தேறினாள். ஞாயிறு தவறாமல் போய் ஒரு வருட சுகாதாரச் சான்றிதழும் வாங்கிவிட்டாள். அந்தக் கட்டத்தில் முழுப் பேரையும் எழுதுவது போல எத்தனையோ பஸ் பயணத்தில் விரலால் முழங்கால் மேல் எழுதிப் பார்த்திருக்கிறாள்.

நெசவாளர் முனிரத்தினம் வீட்டில் தொட்டி, குடம், பிரிட்ஜ் தட்டு எல்லாம் சுத்தம். விமல்ராஜ் 'புழு இல்லை' என்று எழுதப் போனான்.

"இருங்க சார்" என்றாள் சம்பூர்ணம். உள்ளே தறியையும், நெய்கிறவர் கால் விட்டு மிதிக்கும் குழியை மூடியிருந்த பலகையையும் பார்த்தாள். "முனிரத்தினம் அண்ணா, குழியில தண்ணி ஊறுதா?"

"மழைக்கு ஊறத்தான் செய்யும். செங்கல் போட்டு மிதிச்சுக்கினு இருக்கறேன். அதுக்கின்னாம்மா?"

"பாக்கணும்."

"ஏய், பாவு ஏத்தி வெச்சிருக்குது! முகூர்த்தப் பொடவ. தறிக்குழில கண்டவங்க கால் வெச்சா எங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்க."

"காலு வெக்கல, கைதான் வெக்கறேன். செருப்பக் கூட வாசல்ல வுட்டுட்டேன். உன் பொண்டாட்டிக்கு ஜுரம் இன்னும் எறங்கல இல்ல? பலகைய நவுத்து."

முனகிக்கொண்டே நகர்த்தினார். சம்பூர்ணம் தரையில் படுத்து, பட்டு இழை மேல் மூச்சுக்கூடப் படாமல், கரண்டியைக் குழிக்குள் விட்டு மொண்டாள். கரண்டி நிறையப் புழு நெளிந்தது.

விமல்ராஜ் படிவத்தைப் புரட்டினான். "ஷீட்ல தறிக்குழின்னு கட்டமே இல்லையேக்கா?"

"இதரன்னு ஒண்ணு இருக்குது பாருங்க. அதுல எழுதுங்க."

அவன் எழுதினான். பிறகு வாசலுக்குப் போய் மேலதிகாரிக்குப் போன் போட்டான். "சார், சோர்ஸ் கண்டுபிடிச்சிட்டேன் சார்." சம்பூர்ணம் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் இன்னும் ஒன்பது தறிக்குழி பார்க்க வேண்டியிருந்தது.

எல்லாம் முடித்துப் பெரிய காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். அங்கே வேலை பார்க்கும் ஷாரோன் சான்றிதழ்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள்.

"பேரு, வயசு, எல்லாம் ஓகேக்கா. சர்டிபிகேட் கோர்ஸ் ஓகே. பிளஸ் டூல பயாலஜி இருக்குது இல்ல?"

"வரலாறு எடுத்தேன்மா. வரலாறு, பொருளியல்."

ஷாரோனின் விரல் நின்றுவிட்டது. "இங்க பயாலஜி கட்டாயம்னு போட்டிருக்குதேக்கா."

தனியாக எழுதுகிறவர்களுக்கு உயிரியல் வேண்டாம், அதில் செய்முறைத் தேர்வு உண்டு, லேப் எதற்கு வம்பு, செய்முறை இல்லாத குரூப்பாகப் போடு என்றுதான் அப்போது எல்லோரும் சொன்னார்கள். கூட வேலை செய்தவர்களும் அதையேதான் எழுதினார்கள். சான்றிதழ்ப் படிப்பில் சேர்த்தவர்களும் என்ன குரூப் என்று கேட்கவில்லை.

"இல்லன்னே போடு" என்றாள்.

போட்டதும் தகுதி இல்லை என்று சிவப்பில் இரண்டு வரி வந்தது. அடுத்த பக்கம் திறக்கவில்லை.

ஷாரோன் குரலைத் தாழ்த்தினாள். "இருக்குதுன்னு போட்டா போவும்க்கா. ஹால் டிக்கெட்டும் வந்துடும். சர்டிபிகேட்லாம் கடைசியிலதான் பாப்பாங்க. போடவா?"

சம்பூர்ணம் சரி என்று தலையசைத்தாள்.

பக்கம் திறந்தது. தேர்வு மையம் எது என்று கேட்டது. "காஞ்சிபுரம்" என்றாள். பிறகு அவள் போட்டோ வந்தது, பக்கத்தில் முழுப் பேர். தேர்வறையில் ஒரு மேஜை, அதில் ஒட்டிய நம்பர், முன்னால் கவிழ்த்து வைத்த வினாத்தாள். எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தது. அந்த அறைக்குள் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு வந்தால்கூடப் போதும் என்றிருந்தது.

"உறுதிமொழி. ஒரு டிக் அடிச்சா முடிஞ்சிது."

"படிச்சிட்டு அடிக்கறேன்."

எழுத்து பொடியாக இருந்தது. திரைமேல் விரல் வைத்துப் படித்தாள். தவறான தகவல் தந்தால் நிரந்தரமாகத் தேர்வெழுதத் தடை. நிரந்தரமாக என்ற சொல்லில் விரல் நின்றது.

"யாரும் அதெல்லாம் பாக்க மாட்டாங்கக்கா" என்றாள் ஷாரோன்.

"அடுத்த வாட்டியும் எழுத வுடமாட்டாங்களா?"

"எப்பவுமே வுடமாட்டாங்க."

வெளியே பட்டுக்கடைக்கு ஆள் பிடிக்கும் ஆட்டோக்காரர்களின் சத்தம். சம்பூர்ணம் போட்டோவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"மூடிடும்மா."

"அக்கா, இன்னும் அரை மணி இருக்குது. யோசிங்க."

"மூடு. நீ இன்னா குரூப்பு படிச்ச?"

"பயோ மேத்ஸ்."

"புக்கு இருக்குதா?"

"வீட்ல பரண்ல கெடக்குது. உங்களுக்கெதுக்கு? லேப் இல்லாம எழுத முடியாதேக்கா."

"தனியா எழுதறவங்கள எந்த ஸ்கூல்ல லேப்புக்கு வுடுவாங்கன்னு அந்தக் கம்ப்யூட்டர்ல கேட்டுப் பாரு."

"நாப்பத்தோரு வயசுல யாருக்கா சேத்துப்பாங்க?"

"கேட்டுப் பாரேன்" என்று நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள் சம்பூர்ணம்.