வில்பட்டி வீட்டில் ஏறிய கடல்

வில்பட்டியில் நதியாவின் வீட்டுக்குள் கடல் வந்தது ஆடி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு. அன்று மலைப்பூண்டு விலை சற்று இறங்கியிருந்தது. மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு வாசலெல்லாம் காய்ந்து கிடக்க, ஆறாயிரம் அடி உயரத்தில் இவள் வீட்டில் மட்டும் முழங்கால் அளவுக்கு உப்புத் தண்ணீர் நின்றது.

அதற்குப் பதினைந்து நாள் முன்பு அவள் புருஷன் செல்லப்பாண்டி ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் செய்தான். சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை அவனுக்கு. “ஏ நதியா, அடித்தகடு துருப்பிடிச்சுத் தண்ணி கசியுது. பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க. கப்பல் லாயக்கில்லன்னு எழுதிக் குடுத்தா கவர்மென்ட் ஆபீசர் வந்து பாக்கணும், அதுக்காக என்னைய வேலைய விட்டு நிறுத்தக் கூடாது. சட்டம் இருக்கு. எழுதிரட்டா?” மலையில் பிறந்தவளுக்கு ஈரம் ஒரு சங்கதியே இல்லை. மழைக்காலம் முழுக்கச் சுவர் வேர்க்கும். சாக்கால் துடைத்துவிட்டு வேறு சோலியைப் பார்ப்பார்கள். “செவுரு கசியாத வீடு நம்மூர்ல எங்கங்க கெடக்கு? இன்னும் மூணு மாசந்தானே, பேசாம இருந்துட்டு வந்து சேருங்க” என்றாள். அவனும் அதே மலைக்காரன்தானே, பேனாவை மூடிவிட்டான்.

மறுநாளிலிருந்து அவள் வீட்டுச் சுவரும் கசிந்தது. பனி என்று நினைத்து, பாவி மகள், பத்து நாள் துடைத்தாள். பிழிந்த தண்ணீர் உதட்டில் தெறித்த அன்றுதான் உப்புக் கரித்தது. பதறிப்போய் போன் போட்டாள். கப்பல் கரையை விட்டிருந்தது, லைன் கிடைக்கவில்லை. கப்பல் மூழ்கிய செய்தியைச் சொல்ல கம்பெனிக்கு நான்கு நாள் ஆனது; அவளுக்கு அந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே தெரிந்துவிட்டது.

நஷ்டஈடு கேட்டு நதியா போட்ட வழக்கு மூன்று வருடம் நடந்தது. ஓட்டை தெரிந்தும் மாலுமி புகார் எழுதவில்லை, ஆகவே பொறுப்பு அவனுடையது என்று கம்பெனி வக்கீல் வாதாடினார். “எழுத வேணாம்னு சொன்னது நாந்தாங்கய்யா. அவரு மேல தப்பில்லைங்க” என்று நதியா கூண்டில் ஏறிச் சொன்னாள். புகார் வந்தாலும் வராவிட்டாலும் கடலுக்குத் தகுதியான கப்பலைக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று தீர்ப்பானது. செல்லப்பாண்டி மேல் பழி இல்லை. அவள் மேலும் இல்லை என்று நீதிபதியே எழுதியிருந்தார். அந்த வரியை மட்டும் அவளால் நம்ப முடியவில்லை.

தீர்ப்பு வந்தால் தண்ணீர் வடியும் என்று ஊர் நினைத்தது. வடியவில்லை. கட்டில் கால்களுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்திக்கொண்டாள். சிலிண்டர் கொண்டுவரும் மணியன் பேன்ட்டைச் சுருட்டிவிட்டு உள்ளே போகிறான். வேறு வீடு பார்க்கச் சொன்னவர்களிடம், “அவரு இதுக்குள்ளதாங்க இருக்காரு” என்றாள்.